யாரும் குடிக்காத கிணறு

"இங்க கிணத்துத் தண்ணிய யாரு சார் குடிக்கிறாங்க?"

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தண்டலத்தில் நெடுஞ்சாலையோர டீக்கடையில் கால்மணி நேரம் உட்கார்ந்து நிலம், நீர் என்று பேச்செடுத்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பவர் நிலத் தரகராக இருக்கலாம், கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரராக இருக்கலாம், ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் போட்டவராகவும் இருக்கலாம். மூவரும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டுதான் கேட்கிறார்கள்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு முழு வாதம் இருக்கிறது. அதைக் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதி இனி விவசாய பூமி இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை வந்த 1990களின் பிற்பாதியிலேயே அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. மக்கள் கேன் தண்ணீர் குடிக்கிறார்கள், லாரித் தண்ணீரில் குளிக்கிறார்கள். ஆலைகளுக்குத் தடையில்லா மின்சாரம் வேண்டும். இல்லையென்றால் அவை அடுத்த மாநிலத்துக்குப் போய்விடும். இந்தப் பக்கம் வரக்கூடிய மின்நிலையங்கள் எண்ணூர் மாதிரி கரி நிலையங்களும் அல்ல. சிறியவை, எரிவாயுவிலோ எண்ணெயிலோ ஓடுபவை, சாம்பல் கிடையாது. தண்ணீரைச் சோதிக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறது, வரம்பு இருக்கிறது. இதையெல்லாம் மீறிப் பத்துக் கிணறு கெட்டால் குழாய் போட்டுக் கொடுக்கலாம், நஷ்டஈடு கொடுக்கலாம். பத்துக் கிணற்றுக்காகப் பத்தாயிரம் பேர் வேலையைத் தடுப்பதா?

இது முட்டாள்கள் பேசும் வாதம் இல்லை. படித்தவர்களும் அதிகாரிகளும், நிலம் விற்றுப் பிள்ளையை இன்ஜினியரிங் படிக்கவைத்த என் உறவினர்களும் இதைத்தான் பேசுகிறார்கள். ஆனாலும் இதன் ஒவ்வொரு கண்ணியும் தட்டினால் உடைகிறது. தட்டிப் பார்க்க நாம் யாழ்ப்பாணம் வரை போக வேண்டும்.

1. "சின்ன நிலையம்தானே" என்பவர்கள் சுன்னாகத்தைக் கேள்விப்பட்டதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு கிடையாது. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை வேண்டுமானால் பெயருக்கு எண்ணிக்கொள்ளலாம். குடிக்க, குளிக்க, வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்க எல்லாமே கிணறுதான். அந்தக் கிணறுகளின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல் நீர்ப்படுகை. அந்தப் படுகையின் மேல், சுன்னாகத்தில், இலங்கை மின்சார சபையின் பழைய மின்நிலையத்துக்குப் பக்கத்தில் நார்தர்ன் பவர் என்ற தனியார் நிறுவனம் எண்ணெயில் ஓடும் அனல் மின்நிலையம் ஒன்றை நடத்தியது. அதன் திறன் சுமார் 30 மெகாவாட். வடசென்னை அனல் மின்நிலையத்தின் இரண்டாம் கட்டத்தில் ஒற்றை அலகே 600 மெகாவாட். அதன் பக்கத்தில் வைத்தால் சுன்னாகம் ஒரு பொம்மை.

பொம்மை என்ன செய்தது? கிணறுகளில் எண்ணெய் வாடை வந்தது, வாளியில் படலம் மிதந்தது. 'கழிவு ஒயில்' என்ற சொல் சுன்னாகம் இருக்கும் வலிகாமம் பகுதி வீடுகளில் அன்றாடப் பேச்சானது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வாளர்கள் சுற்றுவட்டாரத்தில் 150 கிணறுகளைச் சோதித்தார்கள். அவற்றில் 109 கிணறுகளில் எண்ணெயும் கிரீசும் குடிநீருக்கான வரம்பைத் தாண்டியிருந்தன. 2015 ஜனவரியில் மல்லாகம் நீதிமன்றம் நிலையத்தின் இயக்கத்தை நிறுத்தச் சொன்னது. சொந்தக் கிணற்றில் இறைத்துக் குடித்த ஊர், தண்ணீர் பவுசர், அதாவது லாரி, வரும் நேரம் பார்த்துக் குடத்தோடு நின்றது.

அளவு ஏன் பொருட்டாகவில்லை என்பதற்கு இயந்திரக் கூடத்துக்குள் காரணம் இருக்கிறது. உலை எண்ணெய் என்பது தாரைப் போலக் கெட்டியானது. அதைச் சூடாக்கி, சுழற்றிப் பிரிக்கும் கருவியில் விட்டுச் சுத்தம் செய்த பிறகே இன்ஜினுக்குள் விட முடியும். பிரித்ததில் மிஞ்சுவது கசடு. இன்ஜினுக்கு ஊற்றும் மசகெண்ணெயும் குறிப்பிட்ட மணி நேரம் ஓடியதும் கழிவாகும். தரையைக் கழுவும் தண்ணீரில் இரண்டும் கலக்கும். இது விபத்தில் வருவது இல்லை. நிலையம் ஒழுங்காக ஓடினால் தினமும் வருவது. தொட்டி கசியாமல், குழி நிரம்பாமல், எடுத்துப் போகிறவன் வழியில் கொட்டாமல் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. இந்த மூன்று 'இல்லாமல்'களின் மேல்தான் ஊரின் கிணறுகள் நிற்கின்றன.

நம் சட்டமும் 'சின்னது' என்ற சொல்லுக்கு மயங்கியதுதான். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, டீசலில் ஓடும் அனல் மின்நிலையம் 5 மெகாவாட்டுக்குக் கீழ் என்றால் முன் அனுமதியே வேண்டாம். 2008-க்குப் பிந்தைய மின்வெட்டு ஆண்டுகளில் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வழித்தடத்து ஆலைகள் எவ்வளவு டீசல் எரித்தன என்பது இங்கே குடியிருந்த காதுகளுக்குத் தெரியும். ஒவ்வொரு ஜெனரேட்டர் கூடமும் தனித்தனியாகச் சின்னதுதான். நிலத்தடி நீர் அவற்றைத் தனித்தனியாக எண்ணாது.

2. அது சுண்ணாம்புக்கல், இது களிமண் என்று சொல்லலாம்.

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் இதுதான், பாதி உண்மையும் கூட. சுண்ணாம்புக்கல்லில் ஓட்டைகளும் குகைகளும் உண்டு, மேலே ஊற்றியது சீக்கிரம் கீழே போகும். நம் பக்கம் அப்படி இல்லை. நிலவியலில் இந்த ஊரின் பெயரிலேயே ஒரு பாறை அடுக்கு உண்டு, ஸ்ரீபெரும்புதூர் படிவம்; டைனோசர்கள் நடமாடிய காலத்துக் களிப்பாறையும் மணற்கல்லும். மற்ற இடங்களில் சார்னகைட் என்னும் கடினப் பாறை. தண்ணீர் மெதுவாகத்தான் நகரும்.

மெதுவாக நகர்வது நல்ல செய்தி என்று யார் சொன்னது? சுன்னாகத்தில் சில ஆண்டுகளில் தெரிந்தது இங்கே இருபது ஆண்டுகள் கழித்துத் தெரியும். அதற்குள் நிலையம் கைமாறியிருக்கும், பொறுப்பாளர் ஓய்வு பெற்றிருப்பார், இடத்தில் கிடங்கு எழும்பியிருக்கும். கடினப் பாறையில் வெடிப்பு போகிற திசையில்தான் நீர் போகும். பக்கத்து வீட்டுக் கிணறு சுத்தமாக இருக்க, மூன்றாவது தெருவின் போர் கெட்டுப்போகும். எங்கே தோண்டிச் சோதிப்பது என்று தெரியாது.

இன்னொன்று, களிமண் உள்ளே விடாத தண்ணீர் மேலே ஓடும். இது ஏரிகளைச் சங்கிலியாகக் கோத்த பூமி. ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் நிரம்பினால் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. செம்பரம்பாக்கம் சென்னை குடிக்கும் ஏரி. தெற்கே ஒரத்தூர், ஆதனூர்ப் பக்கம் அடையாற்றின் தலை. பெருமழையில் எண்ணெய்க் குழிகள் என்ன ஆகும் என்பதற்குக் கற்பனை தேவையில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலிச் சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை போனது. மீனவர்கள் வாளியால் அதை அள்ளிய படங்களை எல்லோரும் பார்த்தோம்.

3. எரிவாயு நிலையத்தில் கழிவே கிடையாதாம்!

புகை குறைவு, சாம்பல் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீராவியால் சுழலும் பெரும்பாலான நிலையங்களுக்குக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும். கரி நிலையங்களுக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வைத்திருக்கும் வரம்பு, புதிய நிலையம் என்றால் ஒரு மெகாவாட் மணிக்கு 3 கன மீட்டர். 100 மெகாவாட் நிலையம் முழு மூச்சில் ஓடினால் ஒரு நாளைக்கு 72 லட்சம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் 600 நடை. எரிவாயுக் கூட்டுச்சுழற்சி நிலையத்துக்கு இதில் மூன்றில் ஒரு பங்கு போதும் என்றே வைத்துக்கொள்வோம், 200 லாரி. ஏரி மாவட்டம் என்று பெயரெடுத்த மண்ணில் கோடையில் தினம் 200 லாரித் தண்ணீர் யாருடைய நிலத்தடியிலிருந்து வரும்?

எடுப்பதோடும் முடிவதில்லை. குளிர்விப்புக் கோபுரத்தில் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். தொட்டியில் உப்பு ஐந்து மடங்கு ஏறும்வரை சுற்றவிட்டால், லிட்டருக்கு 600 மில்லிகிராம் உப்போடு உள்ளே போனது 3,000 மில்லிகிராமாக வெளியே வரும். அதைப் 'பசுமை வளையத்துக்குப் பாய்ச்சுகிறோம்' என்று அறிக்கையில் எழுதுவார்கள். மரம் தண்ணீரைக் குடிக்கும், உப்பில் பெரும்பகுதியை மண்ணிலேயே விட்டுவிடும். அடுத்த மழையில் அது எங்கே இறங்கும் என்பதற்கு அறிக்கையில் பத்தி இருக்காது.

4. "எல்லாம் வரம்புக்குள்தான் இருக்கிறது." யாருடைய வரம்புக்குள்?

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500. அதில் கரைந்த திடப்பொருள்களுக்கு, அதாவது ஊரில் 'டி.டி.எஸ்' என்று சொல்கிறோமே அதற்கு, ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். பக்கத்திலேயே 2,000 என்று இன்னோர் எண்ணும் உண்டு. ஆனால் அந்த 2,000 ஒரு நிபந்தனையோடு வருகிறது: வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் மட்டும். இப்போது நம் நண்பர்களின் வாதத்தைப் பாருங்கள். கிணறு 1,800 காட்டினால் 'வரம்புக்குள்' என்பார்கள். கெட்டால் என்ன செய்வீர்கள் என்றால் 'குழாயில் மாற்றுத் தண்ணீர் தருவோம்' என்பார்கள். மாற்று உண்டு என்றால் வரம்பு 500. மாற்று இல்லை என்றால் குழாய் வாக்குறுதி பொய். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி யாரும் மடக்காமல் தப்பிப்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

சோதனை எப்படி நடக்கிறது என்பதையும் கேளுங்கள். தாக்க மதிப்பீட்டு அறிக்கைக்கு வழக்கமாக எடுப்பது பத்துக் கிலோமீட்டர் சுற்று, மழை நீங்கலாக ஒரு பருவம், அதாவது மூன்று மாதம். அந்த 314 சதுர கிலோமீட்டருக்குள் ஏழெட்டுக் கிணறுகளில் மாதிரி எடுத்தால் வேலை முடிந்தது. வயிற்றுவலிக்காரனுக்கு வெயில் காலத்தில் ஒருமுறை நாடி பிடித்துவிட்டு ஆயுள் சான்றிதழ் எழுதுவது போல. ஊர்க்காரர் எழுந்து கேள்வி கேட்கலாமே என்றால், முன் அனுமதி பெற்ற தொழிற்பேட்டைக்குள் அமையும் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு. வழித்தடம் முழுக்கத் தொழிற்பேட்டை. எங்கே போய்க் கேட்பது?

நிபுணர் சொன்னால் நம்ப வேண்டாமா என்கிறீர்களா? சுன்னாகத்தில் நீர் வழங்கல் சபையின் ஆய்வு 109 கிணறுகளைச் சுட்டிக்காட்டியது. வடமாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ ஆபத்தான எண்ணெய் மாசு இல்லை என்றது. வாளியில் வாடை பிடித்த மனிதர்களுக்கு முன்னால் இரண்டு அறிக்கைகள். 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம் மாசு உண்மை என்றும் அதற்கு நார்தர்ன் பவர் நிறுவனம் பொறுப்பு என்றும் தீர்ப்புச் சொன்னது. அதற்கு நான்கு ஆண்டுகள் ஆயின.

5. நஷ்டஈடு என்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை.

மாசு செய்தவரே செலவேற்க வேண்டும் என்ற கொள்கையின்படி அந்தத் தீர்ப்பு விதித்த தொகை இரண்டு கோடி இலங்கை ரூபாய். தெற்காசியச் சுற்றுச்சூழல் வழக்குகளில் பெருமையாகச் சொல்லப்படும் தீர்ப்பு அது. நானும் குறை சொல்லவில்லை. 109 கிணறுகளுக்கு மட்டும் பிரித்தாலே ஒன்றுக்கு இரண்டு லட்சம் தேறாது. பாதிக்கப்பட்ட வீடுகளோ அதைவிட அதிகம். ஒரு கிணற்றை இறைத்துத் தூர்வாரித் தேய்த்துக் கழுவலாம். கல்லின் இடுக்குகளில் ஏறிய எண்ணெயை எந்தத் தொகை கொடுத்து வெளியே எடுப்பது?

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது நிறுவனத்தின் எதிர்வாதம். அந்த இடத்தில் பல பத்தாண்டுகளாக மின்சார சபையின் நிலையம் இருந்தது. போர்க்காலத்தில் எண்ணெய்த் தாங்கிகள் தாக்கப்பட்டு எண்ணெய் நிலத்தில் ஓடியது. எனவே இது பழைய எண்ணெய், எங்களுடையது அல்ல. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நிலையம் வருவதற்கு முன் கிணறுகள் எப்படி இருந்தன என்ற பதிவு முறையாக இருந்திருந்தால் இந்த வாதம் ஒரே நாளில் தீர்ந்திருக்கும்.

இதை அப்படியே தண்டலத்தில் வைத்துப் பாருங்கள். சுன்னாகத்தில் சந்தேகத்துக்கு இருவர்தான். இங்கே வண்ணப்பூச்சுக் கூடம், முலாம் பூசும் பட்டறை, ரப்பர் ஆலை, லாரி கழுவும் இடம், ஜெனரேட்டர், பெட்ரோல் பங்க் என்று வரிசை முடியாது. ஒரு கிணற்றில் எண்ணெய் மிதந்தால் நூறு விரல்கள் நூறு பக்கம் நீளும்.

6. இப்போது அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். யார் குடிக்கிறார்கள்?

நீங்கள்தான். கேன் தண்ணீர் வானத்திலிருந்து இறங்கவில்லை. சென்னைப் புறநகரைச் சுற்றியுள்ள அடைப்பு ஆலைகள் நிலத்தடி நீரை எடுத்து வடிகட்டித்தான் விற்கின்றன. லாரிகள் கிராமத்து விவசாயக் கிணறுகளில்தான் நிரப்புகின்றன. செம்பரம்பாக்கம் வறண்ட 2019 கோடையில் சென்னையைப் பிழைக்கவைத்ததில் 'யாரும் குடிக்காத' இந்தக் கிணறுகளுக்கும் பங்கு உண்டு. கிணற்றை விட்டுவிட்டோம் என்பது நாம் கயிற்றை விட்டுவிட்டோம் என்பது மட்டுமே. இப்போது அதே தண்ணீர் ஒரு பிளாஸ்டிக் மூடியோடு, ஊர் பேர் தெரியாமல் வருகிறது. எண்ணெய் வாடையைக் கரி வடிகட்டி கொஞ்ச நாள் மறைக்கவும் செய்யும்.

சுன்னாகத்தில் குற்றம் வெளியே வந்தது எப்படி? எந்தக் கருவியும் முதலில் கத்தவில்லை. தினமும் அதே கிணற்றில் அள்ளி, முகம் கழுவி, வாய் கொப்பளித்தவர்களுக்கு நேற்றைய தண்ணீருக்கும் இன்றைய தண்ணீருக்கும் வித்தியாசம் தெரிந்தது. நீர் வழங்கல் சபை சோதிக்க 150 கிணறுகள் இருந்ததே அவை புழக்கத்தில் இருந்ததால்தான். இங்கே வேலி போட்ட மனைகளுக்குள் கைப்பிடிச் சுவர் இடிந்து குப்பை நிரம்பியவை, கான்கிரீட் பலகை போட்டு மூடியவை, மண்ணடித்துச் சமமாக்கி மேலே கிடங்கு கட்டியவை. ஒவ்வொன்றும் வாயை அடைத்த சாட்சி. 'யாரும் குடிக்கவில்லை, அதனால் பாதிப்பில்லை' என்று சொல்கிறவர் உண்மையில் சொல்வது, 'யாரும் பார்க்கவில்லை, அதனால் நடக்கவில்லை' என்பதைத்தான்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கு ஒரு வரி போதும்: தமிழ்நாடு 2003-இல் நிலத்தடி நீருக்கென்று ஒரு சட்டம் இயற்றியது, நடைமுறைக்கே கொண்டுவராமல் 2013-இல் அதை நீக்கியது.

7. "அப்போ கரண்ட் வேண்டாமா?"

வேண்டும். இந்தக் கட்டுரையை விசிறியின் கீழ்தான் எழுதுகிறேன். இந்தக் கேள்வியின் தந்திரம், மின்சாரத்தையும் கிணற்றையும் தராசின் இரு தட்டுகளில் வைத்துவிட்டு நம்மைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது. நெய்வேலியில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் தராசு ஆடுகிறது. அங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீர். அதை இராப்பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை பொத்துக்கொள்ளாமல் நிற்கும். சுற்றுக் கிராமங்களின் கிணறுகள் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கின என்று கடலூர் மாவட்ட விவசாயியைக் கேளுங்கள். அந்தச் சுரங்கத் தண்ணீர் வறட்சிக் காலத்தில் வீராணம் குழாய் வழியாகச் சென்னைக்கும் வந்திருக்கிறது. மின்சாரமும் நமக்கு, தண்ணீரும் நமக்கு. 'பத்துக் கிணறுதானே' என்ற வசனம் மட்டும் அவர்களுக்கு. எண்ணூரில் சாம்பல் குளத்தை ஒட்டி வாழும் செப்பாக்கத்துக்காரர்களும் இதே வசனத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள்.

கிணற்றைக் காப்பாற்ற ஆகும் செலவு யூனிட் விலையில் ஏறும் என்றால் ஏறட்டும். கசடுக்கு இரட்டைச் சுவர்த் தொட்டியும், உப்புநீரை வெளியே விடாத ஏற்பாடும் மின்சாரத்தின் அடக்கவிலைதான். இதுவரை அதைக் கணக்கில் காட்டாமல் ஊரின் தலையில் எழுதியதால்தான் மலிவாகத் தெரிந்தது.

நான் கேட்பது நிலையத்தைத் தடுக்க வேண்டும் என்பதையல்ல. எந்த இடத்தில் வருகிறதோ அதைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் எல்லாக் கிணறுகளையும், பாழடைந்ததையும் மூடியதையும் சேர்த்து, எண் போட்டுப் பட்டியல் எடுங்கள். அவற்றில் முப்பதையாவது தூர்வாரித் திறந்து வையுங்கள். முதல் கடப்பாரை மண்ணில் விழுவதற்கு முன்னால், கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை, எண்ணெய், கிரீசு, உப்பு, கன உலோகம் பார்த்து, அந்தத் தாளை ஊராட்சிச் சுவரில் ஒட்டுங்கள். பிறகு ஆண்டுதோறும் அதே கிணறுகளில் அதே மாதங்களில் எடுங்கள். எண் ஏறினால், தன்னால் ஏறவில்லை என்று காட்டும் பொறுப்பு நிலையத்துக்கு. வாளியோடு நிற்பவருக்கு இல்லை.

இவ்வளவுக்கும் ஆகும் செலவு, கம்பெனி வாசலில் வைக்கும் அலங்கார நீரூற்றின் செலவை எட்டுமா என்பது சந்தேகம்தான். தண்டலத்தில் இதைச் சொன்னதும் தரகர் நண்பர் ஒருவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு உடனே கேட்டார்: "கிணத்துக்கெல்லாம் நம்பர் போட்டுட்டா, அப்புறம் மூடுறதுக்குப் பர்மிஷன் கேக்கணுமே சார்?"

ஆமாம், கேட்க வேண்டும்.